பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் க்ரூப்ல மச்சான் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டாரு. தீவிரவாதி ஒரு விமானத்தைக் கடத்திட்டான், உள்ள 150 பேரு, நேரா ஒரு பெரிய கூட்டத்து மேல கொண்டு போய் மோதப் போறான், நீதான் பாதுகாப்பு மந்திரி, கையில பட்டன் இருக்கு, சுடச் சொல்லுவியா மாட்டியா, ஒரே வார்த்தையில பதில் சொல்லு மாப்ள, சட்டம் கிட்டம்னு இழுக்காதன்னு. பத்து நிமிஷத்துல பாதி க்ரூப் "சுடணும்"னு போட்டுட்டாங்க. அக்கா மட்டும் "எனக்கு அந்த மந்திரி வேலையே வேணாம்"னு போட்டா. நான் டைப் பண்ண ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு, க்ரூப்ல போட்டா எவனும் படிக்க மாட்டான், அதான் இங்க கொட்டுறேன்.

எனக்கு இந்த மாதிரி கேள்வி மேலயே ஒரு சந்தேகம் உண்டு. பதில் கஷ்டம்ங்கிறதால இல்ல. கேள்வியிலயே எல்லாம் தெரிஞ்சு போச்சுன்னு வச்சுக்கிறாங்க பாருங்க, அதான். கடத்தினவன் என்ன பண்ணப் போறான்னு தெரியும், உள்ள எத்தனை பேருன்னு தெரியும், வேற வழியே இல்லன்னு தெரியும், பட்டன் வேலை செய்யும்னும் தெரியும். நிஜத்துல இதுல ஒண்ணு கூட தெரியாது.

2001 செப்டம்பர் 11-ஐயே எடுத்துக்குங்க. மச்சான் கேட்ட கேள்வி அன்னைக்கு நிஜமாவே வந்துச்சு. கடத்தப்பட்ட நாலாவது விமானம், யுனைட்டெட் 93, வாஷிங்டன் பக்கம் வந்துக்கிட்டிருந்தது. வெள்ளை மாளிகைக்குக் கீழ பதுங்கு அறையில இருந்த துணை அதிபர் டிக் செனி கிட்ட வந்து, விமானம் 80 மைல் தூரத்துல இருக்கு, சுடலாமான்னு கேட்டாங்க, அவரும் சரின்னாரு. பின்னாடி விசாரிச்ச கமிஷன் அதை 10:10-க்கும் 10:15-க்கும் நடுவுலன்னு கணக்கு போட்டுச்சு. ஆனா அந்த விமானம் 10:03-க்கே பென்சில்வேனியால ஷாங்க்ஸ்வில் பக்கத்துல ஒரு வயல்ல விழுந்து போச்சு! அவங்க பார்த்துக்கிட்டிருந்தது கம்ப்யூட்டர் கணக்கு போட்டுக் காட்டின பாதையை, நிஜ விமானத்தை இல்ல. அந்த உத்தரவும் வானத்துல இருந்த போர் விமான பைலட்டுங்களுக்குப் போய்ச் சேரல. வேற ஒரு தளத்துல இருந்து அவசர அவசரமா கிளம்பின ரெண்டு எஃப்-16 போர் விமானத்துல ஏவுகணை மாட்டக்கூட நேரமில்ல, தேவைப்பட்டா தங்களோட விமானத்தையே கொண்டு போய் மோதிடுறதுன்னு பேசி வச்சுக்கிட்டு ரெண்டு பேரு ஏறிப் போனாங்க. இவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருந்தது. கடைசியில முடிவெடுத்தது யாரு? உள்ள இருந்த பயணிங்க. ஃபோன்ல மத்த விமானங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு, காக்பிட் கதவை நோக்கி ஓடினவங்க.

ஆக, பட்டன் இருந்துச்சு, அமுக்கவும் செஞ்சாங்க, ஆனா அது எங்கயும் கனெக்ட் ஆகல.

ஜெர்மனியில இந்தக் கேள்வியை கோர்ட்டுக்கே கொண்டு போனாங்க. 2003 ஜனவரியில ஒரு ஆளு சின்ன விமானம் ஒண்ணைக் கடத்திக்கிட்டு ஃப்ராங்க்ஃபர்ட் நகரத்து வங்கிக் கட்டடங்களுக்கு மேல சுத்திச் சுத்தி மிரட்டினான். கடைசியில பத்திரமா இறங்கிட்டான், யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அந்த பயத்துல ஒரு சட்டம் போட்டாங்க, ஆயுதமா மாறின பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த பாதுகாப்பு மந்திரி உத்தரவு கொடுக்கலாம்னு. 2005-ல அது நடைமுறைக்கு வந்துச்சு, கையெழுத்து போட்ட ஜனாதிபதியே எனக்கு இதுல சந்தேகம் இருக்குன்னு சொல்லிட்டுத்தான் போட்டாரு. உடனே சில பேரு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனாங்க, அதுல ஒருத்தர் முன்னாள் உள்துறை மந்திரி, இன்னொருத்தர் விமான கேப்டன். அவங்க வாதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: நாங்க அடிக்கடி ஃப்ளைட்ல போறவங்க, இந்தச் சட்டம் எங்களைக் கொல்றதுக்கு அரசாங்கத்துக்கு முன்கூட்டியே அனுமதி கொடுக்குது, அதனால கேக்க எங்களுக்கு உரிமை இருக்கு. கோர்ட்டும் ஒத்துக்கிச்சு.

2006 பிப்ரவரி 15-ல தீர்ப்பு, அந்தப் பிரிவு செல்லாது. உள்ள இருக்குற பயணிங்க ஒரு தப்பும் பண்ணல, அவங்களும் பாதிக்கப்பட்டவங்கதான், அவங்களைக் கொன்னு இன்னொருத்தரைக் காப்பாத்துறதுன்னா அவங்களை மனுஷனாவே மதிக்கல, ஒரு பொருளா, ஆயுதத்தோட ஒரு பாகமா ஆக்குறோம்னு அர்த்தம். "எப்படியும் சாகப் போறவங்கதானே" அப்படிங்கிற வாதத்தையும் கோர்ட் ஏத்துக்கல, மிச்சமிருக்குறது அஞ்சு நிமிஷ உயிரா இருந்தாலும் அது உயிர்தான். எல்லாரும் இதை மட்டும்தான் சொல்லுவாங்க. ஆனா அதே தீர்ப்புல இன்னொரு விஷயமும் இருக்கு. அவ்ளோ கம்மியான நேரத்துல, தரையில இருந்துக்கிட்டு, உள்ள என்ன நடக்குதுன்னு உறுதியா யாராலயும் தெரிஞ்சுக்க முடியாது, பெரும்பாலும் சந்தேகத்தின் பேர்லதான் சுடுவீங்கன்னும் எழுதியிருக்காங்க. எனக்கு தத்துவத்தை விட இந்த சாதாரண பாயிண்ட்தான் பெருசாத் தெரியுது. இந்தியாவுலயும் 2005-ல கடத்தல் தடுப்புக் கொள்கைன்னு ஒண்ணு அமைச்சரவையில ஓகே ஆச்சு, ஏவுகணை மாதிரி வர்ற விமானத்தைச் சுடலாம்னு அதுல இருக்குன்னு செய்தி வந்துச்சு, நம்மள்ல எத்தனை பேரு அதைப் பத்திப் பேசியிருப்போம்?

சரி, விமானத்தை விடுங்க. கடைசி நிமிஷத்துல நிஜமாவே சுட்ட கேஸுகளைப் பார்ப்போம்.

1988 மார்ச் 6, ஸ்பெயினை ஒட்டின பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டர். ஐஆர்ஏங்கிற ஐரிஷ் ஆயுதக் குழுவோட ஆளுங்க மூணு பேரை பிரிட்டனோட சிறப்புப் படையான எஸ்ஏஎஸ் நடு ரோட்டுல சுட்டுக் கொன்னுச்சு. சிப்பாய்ங்க கிட்ட சொல்லி அனுப்பினது என்னன்னா, கார்ல குண்டு இருக்கு, இவங்க கையில ரிமோட் இருக்கும், ஒரு அமுக்கு அமுக்கினா போதும்னு. அதனால அவங்க கையை அசைச்ச உடனே சுட்டாங்க. அப்புறம் பார்த்தா கார்ல குண்டு இல்ல, கையில ரிமோட் இல்ல, துப்பாக்கி கூட இல்ல. அந்த கார் பார்க்கிங் இடத்தைப் பிடிச்சு வைக்க நிறுத்தினது. நிஜமான வெடிமருந்து ரெண்டு நாள் கழிச்சு ஸ்பெயின்ல மார்பெயாவுல வேற ஒரு கார்ல கிடைச்சுது. குண்டு வைக்கிற திட்டம் உண்மை, அன்னைக்கு குண்டு இருந்துச்சுங்கிறது பொய்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1995-ல பிரிட்டன் மேல தப்புன்னு தீர்ப்பு சொல்லுச்சு, 10-க்கு 9, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். சுட்ட சிப்பாய்ங்க மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க, ஏன்னா அவங்க நம்பினதை நேர்மையா நம்பினாங்க. தப்பு எங்கன்னா ஆபரேஷனைத் திட்டம் போட்ட இடத்துல. எல்லையிலயே பிடிச்சிருக்கலாம், விட்டுட்டாங்க. உளவுத் தகவல் தப்பா இருக்க வாய்ப்பு உண்டுன்னு யோசிக்கவே இல்ல. எங்கயோ ஒரு மீட்டிங் ரூம்ல "இருக்கலாம்"னு சொன்னது, அடுத்த ரூமுக்குப் போறப்ப "இருக்கு"ன்னு ஆயிடுச்சு, சிப்பாய் காதுக்குப் போறப்ப அது சத்தியமாவே ஆயிடுச்சு. ஒரு வினைச்சொல் மாறினதுல மூணு உயிர் போச்சுன்னு சொன்னா மிகையில்ல. செத்தவங்க குண்டு வைக்கத்தான் வந்தாங்கங்கிறதால நஷ்ட ஈடு தர முடியாதுன்னும் கோர்ட் சொல்லிடுச்சு, அதுவும் சரின்னுதான் எனக்குத் தோணுது. எதிர்த் தீர்ப்பு எழுதின ஒன்பது பேரு, நடந்து முடிஞ்சப்புறம் உக்காந்து பார்த்தா எல்லாம் சுலபமாத்தான் தெரியும்னு எச்சரிச்சாங்க. நியாயமான வார்த்தைதான், நானும் வீட்டுல உக்காந்துக்கிட்டுத்தானே இதை எழுதுறேன்.

2005 ஜூலை 22, லண்டன். ரெண்டு வாரம் முன்னாடி ரயில்லயும் பஸ்லயும் குண்டு வெடிச்சு 52 பேரு செத்திருந்தாங்க, முந்தின நாள் இன்னும் நாலு குண்டு வெடிக்காம போச்சு, வச்சவங்க ஓடிட்டாங்க. ஊரே பயத்துல. ஒரு அட்ரஸ் கிடைச்சுது, அந்த ஃப்ளாட் இருக்குற பில்டிங் வாசலைக் கண்காணிச்சுக்கிட்டிருந்தாங்க. அதே பில்டிங்ல குடியிருந்த 27 வயசு பிரேசில் எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வேலைக்குக் கிளம்பி வெளிய வந்தாரு. வண்டியில இருந்து வீடியோ எடுக்க வேண்டிய ஆளு அந்த நேரம் பார்த்து சிறுநீர் கழிச்சுக்கிட்டிருந்தாரு, கேமராவைத் தூக்க முடியல, அதனால வந்தது யாருன்னு சரிபார்க்க படம் இல்ல. சந்தேகப்பட்டவங்களை வெளிய வந்த உடனே நிறுத்தி விசாரிக்க ஆயுதப் படை காலையிலயே அங்க நிக்கணும்னு திட்டம், அவங்க வந்து சேரல. இவரு பஸ் ஏறுனாரு, ப்ரிக்ஸ்டன்ல இறங்குனாரு, ஸ்டேஷன் பூட்டியிருந்துச்சு, திரும்பி அதே பஸ்ல ஏறுனாரு. நாம எல்லாரும் பண்றதுதான். பின்தொடர்ந்தவங்க கண்ணுக்கு அது போலீஸை ஏமாத்துற ட்ரிக்கா தெரிஞ்சுது. ஸ்டாக்வெல் ஸ்டேஷன்ல ரயிலுக்குள்ள உக்காந்திருந்தவரு தலையில ஏழு குண்டு.

சுட்டவங்க மேல கேஸ் இல்ல. யார் மேலயும் தனியா கேஸ் இல்ல. 2007-ல லண்டன் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தை ஒரு நிறுவனமா நிறுத்தி குத்தவாளின்னாங்க, எந்தச் சட்டத்துல தெரியுமா? 1974-ம் வருஷ வேலையிட சுகாதார, பாதுகாப்புச் சட்டத்துல. ஃபேக்டரியில மெஷினுக்கு மூடி போடலன்னா போடுற கேஸ். அபராதம் 1,75,000 பவுண்ட், செலவு தனி. முதல்ல படிச்சப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு, ஒரு மனுஷனைக் கொன்னதுக்கு இதான் சட்டமான்னு. அப்புறம் யோசிச்சா, நடந்தது என்னன்னு ஒரு விதத்துல அந்தச் சட்டம்தான் கரெக்டா சொல்லுதோன்னு படுது. கேமரா இல்ல, படை லேட்டு, ரேடியோவுல அவன்தானா இல்லையான்னு தெளிவில்ல. கொலைகாரன்னு யாரும் இல்லாமயே ஒரு கொலை. குடும்பம் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு, தனிநபர் யாரையும் தண்டிக்காதது மனித உரிமை மீறல் இல்லன்னு 2016-ல சொல்லிட்டாங்க. அது எனக்கு இன்னும் ஜீரணிக்கல, நிறுவனம்னு ஒண்ணு பின்னாடி எல்லாரும் ஒளிஞ்சுக்கலாம்னா அப்புறம் எவன் கவனமா இருப்பான்.

இன்னும் பெரிய கணக்குல இதே கதைதான் மாஸ்கோவுல. 2002 அக்டோபர் 23-ல டுப்ரோவ்கா தியேட்டர்ல ரஷ்யாவுல இருந்து பிரியணும்னு சண்டை போட்ட சுமார் 40 செச்சென் ஆயுததாரிங்க 800-க்கும் மேற்பட்டவங்களைப் பிணை வச்சாங்க, ஹால் நடுவுல குண்டு. 26-ம் தேதி விடியக்காலையில மயக்க வாயுவை உள்ள விட்டாங்க. ஆயுததாரிங்க குண்டை வெடிக்கல. அந்த அளவுக்கு அது ஜெயிச்சுது. அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. மயங்கினவங்களை மொத்தமா வெளிய கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கும் மேல ஆச்சு. வாசல்ல மல்லாக்கப் படுக்க வச்சாங்க, மயக்கத்துல நாக்கு உள்ள மடங்கி, வாந்தி அடைச்சு மூச்சு நின்னு போகும்னு முதலுதவி வகுப்புல முதல் நாளே சொல்லிக் கொடுப்பாங்க. ஆம்புலன்ஸ் பத்தல, டவுன் பஸ்ல ஏத்தி அனுப்பினாங்க, கூட டாக்டர் இல்ல. ஆஸ்பத்திரிக்கு என்ன வாயுன்னே சொல்லல, ரகசியம். செத்த பிணைக்கைதிங்க சுமார் 130 பேரு.

2011-ல ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, வாயு விட்ட முடிவு தப்பில்ல. அந்த நெருக்கடியில அரசாங்கத்துக்கு அந்த அளவு இடம் கொடுக்கணும். தப்பு, மீட்கிறதுக்கு ஒழுங்கா ஏற்பாடு பண்ணாதது. அதாவது நாம டிவி விவாதத்துல மணிக்கணக்கா சண்டை போடுற "விடலாமா விடக்கூடாதா"ங்கிற கேள்வியில அரசாங்கம் பாஸ். ஒருக்களிச்சுப் படுக்க வை, மாத்து மருந்து ரெடியா வை, டாக்டருக்குச் சொல்லு, இதுல ஃபெயில்.

ரெண்டு வருஷம் கழிச்சு ரஷ்யாவுலயே பெஸ்லான் ஊர்ல ஒரு பள்ளிக்கூடத்தை ஆயுததாரிங்க பிடிச்சுப் பிணை வச்சாங்க, அதை எழுத எனக்குக் கை வரல. 330-க்கு மேல செத்தாங்க, பாதிக்கு மேல பசங்க. செப்டம்பர் 1 பள்ளி திறக்குற நாள்ல அந்தப் பகுதியில தாக்குதல் வரும்னு சில நாள் முன்னாடியே தகவல் இருந்திருக்கு, பள்ளி வாசல்ல நின்னது ஆயுதம் இல்லாத ஒரே ஒரு பெண் போலீஸ். உள்ள பசங்க இருக்கப்பவே டாங்கி பீரங்கியும் நெருப்பு ஆயுதமும் பயன்படுத்தினதைக் கண்டிச்சு 2017-ல தீர்ப்பு வந்துச்சு.

நம்ம பக்கம் வந்தா, ஐசி 814, கடத்தப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம். 1999 டிசம்பர் கடைசி. ஆப்கானிஸ்தான்ல காந்தஹார்ல, பயணிங்களை மீட்க ஜெயில்ல இருந்த தீவிரவாதிங்க மூணு பேரை விடுதலை பண்ணது சரியா தப்பான்னு இன்னைக்கும் அடிச்சுக்கிறோம், அதுல ஒருத்தரான மசூத் அசார் வெளிய போய் அடுத்த வருஷமே ஜெய்ஷ்-இ-முகமதுங்கிற தீவிரவாத அமைப்பைத் தொடங்கினாரு, அதனால விட்டதே தப்புன்னு ஒரு கோஷ்டி, உள்ள இருந்தவங்க வீட்டு ஆளா யோசிச்சுப் பாருன்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டும் நியாயம்தான். ஆனா அந்த விமானம் முதல் நாள் சாயங்காலம் அமிர்தசரஸ்ல, நம்ம மண்ணுல, முக்கால் மணி நேரம் எரிபொருளுக்காக நின்னுச்சே? டெல்லியில கமிட்டி உக்காந்து பேசிக்கிட்டே இருந்துச்சு, கமாண்டோக்கள் நேரத்துக்கு வரல, விமானத்தை மறிக்கவும் முடியல, எண்ணெய் போடாமலே கிளம்பிப் போயிடுச்சு. காந்தஹார்ல இந்தியாவுக்கு முன்னாடி இருந்த ரெண்டு மோசமான வழியும் அமிர்தசரஸ்ல தயாரானதுதான்.

துப்பாக்கி, விமானம் இல்லாம நிதானமா நடக்குற முடிவுகளும் உண்டு, அதாவது சட்டம். பயத்துல போட்ட தடாங்கிற பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல 15-வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, எஸ்பி அந்தஸ்துல இருக்குற போலீஸ் அதிகாரி எழுதி வாங்குற வாக்குமூலமே கோர்ட்ல சாட்சியம். சாதாரண கேஸுல போலீஸ் கிட்ட சொன்ன வாக்குமூலம் செல்லாது. ராஜீவ் காந்தி கொலை வழக்குல தனி நீதிமன்றம் 1998-ல 26 பேருக்கும் தூக்கு போட்டுச்சு. அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம் அதுல 19 பேரை விட்டுச்சு, நாலு பேருக்குத் தூக்கு, மூணு பேருக்கு ஆயுள். இதுல தடா குத்தம் நிக்காதுன்னும் சொல்லுச்சு, ஆனா தடாவுல வாங்கின வாக்குமூலம் மட்டும் செல்லும்! 19 வயசுல கைதான பேரறிவாளன் ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தாருங்கிறது குத்தச்சாட்டு. எதுக்குன்னு தெரியாதுன்னு அவரு சொன்னதை நான் எழுதாம விட்டுட்டேன்னு, வாக்குமூலம் எழுதின அதிகாரியே ரிட்டயர் ஆனப்புறம் 2013-ல சொன்னாரு. பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை பண்ணது 2022 மே 18. முப்பத்தொரு வருஷம். கோர்ட், தூக்கு மேடை, கருணை மனு, கவர்னர்னு எங்கெங்கயோ அந்த வழக்கு சுத்துச்சு, ஆனா முடிவு எடுத்த இடம் ஒரு ரூம், ஒரு பேனா, எழுதாம விட்ட ஒரு வரி.

அப்போ அரசாங்கம் எதுவுமே பண்ணக் கூடாதாடான்னு மச்சான் கேப்பாரு. பண்ணணும். ஆனா முன்கூட்டியே அனுமதி வாங்கி வச்சுக்கிறதும், பண்ணிட்டு வந்து கூண்டுல நிக்கிறதும் வேற வேற. இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 1999-ல விசாரணையில சித்திரவதை முறைகளைத் தடை பண்ணப்ப இதைத்தான் சொல்லுச்சு. குண்டு டிக் டிக்னு ஓடுது, வேற வழியில்லன்னு ஒரு அதிகாரி எல்லை மீறிட்டா, அப்புறம் அவரு மேல கேஸ் வந்தா "அவசியம்"னு வாதாடிப் பார்க்கலாம், ஆனா அந்த அவசியத்தைக் காட்டி முன்னாடியே ரூல் போட்டு வச்சுக்க முடியாது. தீர்ப்பு எழுதின தலைமை நீதிபதி அஹரோன் பராக், ஜனநாயகம் ஒரு கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் சண்டை போடணும்னாரு. நடைமுறையில அந்த ஓட்டை வழியா எத்தனை பேரு நுழைஞ்சாங்கன்னு குறை சொல்றவங்க இருக்காங்க, சொல்லட்டும், சொல்லணும். ஆனா கேள்வி கேக்குற ஒரு நீதிபதி பின்னாடி உக்காந்திருக்காருன்னு தெரிஞ்சா, முன்னாடி மீட்டிங் ரூம்ல ஒருத்தனாவது "இருக்கலாம்"னுதானே சொன்னாங்கன்னு கையைத் தூக்குவான்.

ஜெர்மன் கோர்ட்டும் அப்படித்தான் விட்டு வச்சுது. மீறி எவனாவது சுட்டா அவனை கிரிமினல் சட்டத்துல என்ன பண்றதுன்னு அது சொல்லல. தீர்ப்பு வந்து ஒண்ணரை வருஷம் கழிச்சு, 2007-ல, அப்போ பாதுகாப்பு மந்திரியா இருந்த ஃப்ரான்ஸ் யோசஃப் யுங், அப்படி ஒரு நிலைமை வந்தா தீர்ப்பு இருந்தாலும் நான் சுடச் சொல்லுவேன்னு பேட்டி கொடுத்தாரு. மச்சான் மாதிரியே, ஒரே வார்த்தையில பதில். உடனே போர் விமான பைலட்டுகளோட சங்கம், அப்படி உத்தரவு வந்தா கீழ்ப்படியாதீங்கன்னு தன் ஆளுங்களுக்குச் சொல்லிடுச்சு. கேள்வியில "உன் கையில பட்டன்"னு போட்டீங்களே மச்சான், மந்திரி கையில பட்டனே கிடையாது, ஃபோன்தான் இருக்கும்.